துரியோதனனின் குதிகால்

பச்சையப்பனின் காலை உடைத்தவன் கோபி என்று எங்கள் ஊரில் ஒரு வருஷம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோபி நான்தான். நான் உடைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் பச்சையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததுமே, 'அடிச்சவனே கதை சொல்ல வந்துட்டான் பாரு' என்று பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

எங்கள் ஊர் பள்ளிகொண்டாவுக்குக் கிழக்கே, பாலாற்றை ஒட்டி இருக்கிறது. பச்சையும் நானும் ஒரே தெரு, ஒரே கம்பெனி பஸ், ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனி. ஷூவின் பின்பக்கத்தில் தோலுக்குள் விறைப்பாக ஒரு துண்டு இருக்கும், தொட்டுப் பாருங்கள். கவுண்டர் என்போம். அதைச் சூடான மிஷினில் அழுத்திக் குதிகால் வடிவத்துக்கு வளைப்பது பச்சையின் வேலை. ஜெர்மனியிலும் இத்தாலியிலும் யார் யாரோ குதிகால் நோகாமல் நடக்கிறார்கள் என்றால் அதில் அவன் கைக்கும் பங்கு உண்டு. ஆனால் அவன் காலில் என்றைக்கும் ரப்பர் செருப்புதான். "ஷூவு போட்டா கால் எங்க கீதுன்னே தெரிய மாட்டேங்குதுடா" என்பான். நான் ஷூவின் அடிப்பாகம் செய்கிற பிரிவில் இருக்கிறேன். ஹீல், உள்ளட்டை, இப்படி.

வருஷம் முழுக்க இதுதான் எங்கள் பிழைப்பு. சித்திரை வந்தால் மட்டும் நாங்கள் வேறு ஆட்கள். ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும். அதில் பச்சை துரியோதனன், நான் பீமன். மீசை அரும்பின காலத்திலிருந்து இதே வேஷம்தான். வருஷா வருஷம் நான் அவனைக் கொல்வேன், மறுநாள் காலையில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போவோம்.

கூத்தின் கடைசி நாள் படுகளம். கோயில் மைதானத்தில் குழைத்த மண்ணால் துரியோதனனை மல்லாந்து படுத்த மாதிரி செய்து வைப்பார்கள். லாரி நீளம் இருப்பான். முழித்த கண், முறுக்கிய மீசை. தொடைக்குள் ஒரு சட்டியில் சிவப்புத் தண்ணீர் புதைந்திருக்கும். விடிய விடிய ஆடிய துரியோதனனும் பீமனும் வெயில் ஏறினதும் அந்த மண் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். கடைசியில் பீமன் கதாயுதத்தால் மண் தொடையை உடைப்பான். சிவப்புத் தண்ணீர் பீறிட, அதைத் தொட்டுத் திரௌபதிக்குக் கூந்தல் முடிவார்கள். பிறகு சனங்கள் அந்த மண்ணை ஆளுக்கு ஒரு பிடி அள்ளிக்கொண்டு போய் வீட்டில் வைப்பார்கள். விளைச்சலுக்கும் நல்லது, பிள்ளைகளுக்கும் நல்லது என்று நம்பிக்கை.

பச்சைக்கென்று அதில் ஒரு கட்டம் உண்டு. ஓட்டத்தின் நடுவில் மண் மார்பின் மேல் ஏறுவான். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, காலில் சலங்கை, அத்தனை பாரத்தோடும் ஒற்றைக் காலின் நுனியில் எழும்பி நிற்பான். அசைய மாட்டான். மேளம் கூட நின்றுவிடும். அப்புறம் ஒரே தாவாகத் தாவித் தொடைப் பக்கம் போய் விழுவான். அதைப் பார்க்கவே ஆலங்காயத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். பொறாமையோடுதான் சொல்கிறேன், பீமனைப் பார்க்க ஒருத்தரும் வந்ததில்லை.

போன சித்திரையிலும் அப்படித்தான் எழும்பி நின்றான். நான் கதாயுதத்தை ஓங்கிக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். தாவ உந்தினான். படார் என்று ஒரு சத்தம். ஆள் அப்படியே சரிந்தான். விழுந்தவன் குதிகாலைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான்:

"ஏன்டா பின்னால அடிச்ச?"

மேலே மைக் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் கேட்டது ஊர் முழுக்கக் கேட்டது.

என் கையில் ஓங்கின கதாயுதம். பீமனோ இடுப்புக்குக் கீழே அடித்து ஜெயித்தவன், அது உலகத்துக்கே தெரியும். வேறு சாட்சி எதற்கு? "படலடா, பச்ச! என் கட்ட உன் மேல படவே இல்லடா!" என்று கத்தினேன். ஒரு ஆளும் காதில் வாங்கவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நரம்பு அறுந்துவிட்டது. ஆபரேஷன் செய்து, தைத்து, பாதம் கீழே பார்க்கிற மாதிரி மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். எப்படி ஆனது என்று கேட்டவர்களிடமெல்லாம் அவன் ஒரே பதிலைத்தான் சொன்னான். பீமன் பின்னாலிருந்து அடித்துவிட்டான், தெரியாமல் பட்டிருக்கும். அந்தத் 'தெரியாமல்' என்ற சொல்தான் எனக்கு இன்னும் எரிந்தது. அடிக்காதவனுக்கு எதற்கய்யா மன்னிப்பு?

நான் கோபக்காரன். அவனைப் போய்ப் பார்க்கவில்லை. பஸ்ஸில் பெண்கள் என்னைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். கோயில் பெரியவர்கள் கூடி, அடுத்த வருஷத்துக்கு வெளியூரிலிருந்து பீமனைக் கூப்பிடுவது என்று முடிவு செய்தார்கள். கம்பெனியில் என் பக்கத்து மேஜை கவுஸ் பாஷா மட்டும்தான் எப்போதும் போலப் பேசினார்.

"கோபி பாய், அடிச்சுட்டு இவ்ளோ பேஜார் பட்டாலாச்சும் ஒரு ஞாயம் இருக்குது. அடிக்காமயே இன்னாத்துக்குப்பா?"

"நீங்களாச்சும் நம்புறீங்களா பாய்?"

"நீ அடிச்சிருந்தா இந்நேரம் நாலு பேர்கிட்ட பெருமையா சொல்லிக்கினு இருப்ப. உன்ன எனக்குத் தெரியாதா?"

சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் ஆடும் நாயாகும். கட்டை நுனி பட்டிருக்குமோ? அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது? வேலை செய்யும்போதெல்லாம் கையை வீசி வீசிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் பச்சையின் மனைவி கமலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். எங்கள் கம்பெனியிலேயே தையல் பிரிவில் வேலை செய்கிறவள். உள்ளே வரவில்லை.

"அண்ணா, நீங்க அடிச்சீங்களோ இல்லையோ, எனக்குத் தெரியாது. நாளைக்கு அவர ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவணும். கட்டு பிரிச்சாச்சு, கால் பழக்குறதுக்கு வரச் சொல்லிக்கீறாங்க. எனக்கு லீவு இல்ல. நீங்க வர்றீங்களா?"

வர மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எத்தினி மணிக்கு?" என்றுதான் வந்தது.

வேலூர் வரைக்கும் ஆட்டோவில் அவன் இடது பக்கம் பார்த்தான், நான் வலது பக்கம் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி தரும் பிரிவில் ஜெனிஃபா என்று ஒரு பெண். சின்ன வயசு, கழுத்தில் மெல்லிய சிலுவைச் செயின், சுறுசுறுப்பென்றால் அப்படி ஒரு சுறுசுறுப்பு. அவன் காலைக் கையில் எடுத்துத் தழும்பைத் தடவிப் பார்த்தாள்.

"எப்டி ஆச்சுண்ணா?" என்று கேட்டவள், அவன் பதில் சொல்வதற்குள் தானே சொன்னாள்: "இருங்க, நானே சொல்றேன். பின்னாலேர்ந்து யாரோ கட்டையால அடிச்ச மாதிரி இருந்துச்சா? திரும்பிப் பாத்தீங்களா?"

பச்சை முழித்தான். "உனுக்கு யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லல. இந்த நரம்பு அறுந்தா முக்காவாசிப் பேருக்கு அப்டித்தான் இருக்கும். ஷட்டில் ஆடிக்கிட்டிருந்த ஒருத்தர், கூட ஆடறவர் பேட்டால அடிச்சிட்டார்னு சட்டையப் புடிச்சிட்டாராம். ஒரு டீச்சர் பஸ் புடிக்க ஓடியிருக்காங்க, எவனோ கல்லால அடிச்சிட்டான்னு திரும்பி நின்னு திட்டினாங்களாம். பின்னால ரோடு காலி. சத்தம் கூட வரும்ணா, படார்னு. அது நரம்பு அறுந்த சத்தம்."

கதாயுதம் தூக்குகிறவன், கடோத்கஜனுக்கு அப்பன், நான் அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். பக்கத்தில் தோள்பட்டைக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் பயந்துபோய் நிறுத்திவிட்டார். ஜெனிஃபாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இவரு யாருண்ணா?" என்றாள்.

"பீமன்," என்றான் பச்சை.

முழுக் கதையையும் கேட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சொன்னாள்: "இந்த நரம்புக்கே ஒரு வீரன் பேருதாண்ணா. அக்கிலிஸ். கிரீஸ் தேசத்துப் புராணத்துல வர்றவன். பேரு மறக்கக் கூடாதுன்னு படிக்கும்போதே அவன் கதையத் தேடிப் படிச்சேன்."

அவன் காலை மெல்ல வளைத்துக்கொண்டே அவள் சொன்ன கதை இதுதான். அக்கிலிஸின் அம்மா ஒரு நீர்த்தேவதை. பிள்ளைக்குச் சாவே வரக் கூடாது என்று, பாதாளத்தில் ஓடும் ஒரு ஆற்றில் அவனைத் தலைகீழாக முக்கி எடுத்தாள். தண்ணீர் பட்ட இடமெல்லாம் இரும்பாகிவிட்டது. அவள் பிடித்திருந்த குதிகாலில் மட்டும் தண்ணீர் படவில்லை. வளர்ந்து பெரிய சண்டைக்காரன் ஆனான், ஒருத்தராலும் ஜெயிக்க முடியவில்லை. கடைசியில் அந்தக் குதிகாலில்தான் அம்பு பட்டுச் செத்தான்.

பச்சை நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். "எங்க ஆளுக்கு தொடம்மா! காந்தாரி கண்ணுக் கட்ட அவுத்து புள்ளயப் பாத்தா, பாத்த எடமெல்லாம் வஜ்ரம். இவன் வெக்கப்பட்டு இடுப்புல வாழ எலயக் கட்டிக்கினு போய் நின்னான். தொடய அவ பாக்கல. அங்கதான் இவன் அடிச்சான்," என்று என்னைக் காட்டினான்.

"கிருஷ்ணருக்கும் கால்லதான் அம்பு," என்று நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சேர்த்தேன்.

"எல்லா ஊர் அம்மாவும் ஒரு எடத்த வுட்டுடறாங்கப்பா," என்றான் பச்சை. சொல்லிவிட்டுத் தன் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "எந்த ஊரு ராஜாவோ! அவன் பேர இத்தினி நாளா என் கால்லயே வெச்சிக்கினு கீறேன், தெரியல பாரு."

வெளியே வந்து டீ குடித்தோம். அவன் சர்க்கரை ஜாஸ்தி போட்ட டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "கோபி, குதிகாலுக்கு அடியில வெக்கச் சொல்லி ஹீல் ஒண்ணு வாங்கியாந்தோம். வழுக்குதுடா. அடுக்கு அடுக்கா உரிக்கிற மாதிரி நீ ஒண்ணு செஞ்சி குடேன்."

"மன்னிச்சுக்கடானு ஒரு வார்த்த கேட்டா வாய் வெந்துடுமா உனுக்கு?"

"கேட்டா நீ இன்னும் அழுவ."

அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

கவுஸ் பாஷா சூப்பர்வைசரிடம் கேட்டு வீணாய்ப் போகும் ரப்பர் ஷீட் துண்டுகளை வாங்கித் தந்தார். ஜெனிஃபா சொன்ன உயரத்துக்கு அடுக்கி ஒட்டினேன். கால் தேறத் தேற ஒவ்வொரு அடுக்காக உரித்துக்கொண்டே வந்தால் பாதம் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கும். வெள்ளைக்காரனுக்கு எத்தனையோ ஹீல் ஒட்டியிருக்கிறேன். ஒரு ஹீலை இவ்வளவு பார்த்துப் பார்த்து ஒட்டினது அதுதான் முதல்.

அதற்குப் பிறகு பச்சைக்கு அக்கிலிஸ் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒவ்வொரு முறை போகும்போதும் ஜெனிஃபாவிடம் கதை கேட்பான். "அவனுக்கு தோஸ்த் யாராச்சும் உண்டாம்மா, நம்ம ஆளுக்குக் கர்ணன் மாதிரி?" உண்டு என்றாள் அவள். தலைவனோடு கோபித்துக்கொண்டு அக்கிலிஸ் சண்டைக்கே போகாமல் கூடாரத்தில் உட்கார்ந்துவிட்டானாம். அவனுக்குப் பதிலாகப் போன சிநேகிதன் செத்துப்போனதும் மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டு அழுதானாம்.

"கோச்சிக்கினு வூட்லயே குந்திக்கினானா? அப்ப அக்கிலிஸ் நான் இல்லம்மா, இவன்தான்!" என்று என் முதுகில் ஒரு அடி வைத்தான்.

மறுபடி வேலைக்கு வந்ததும் கம்பெனி முழுக்க அந்தப் பெயரைப் பரப்பிவிட்டான். கவுண்டர் துண்டை இப்போது அவன் மிஷின் பக்கத்தில் யாரும் கவுண்டர் என்று சொல்வதில்லை. "அக்கிலிஸ் தீந்துபோச்சு, எடுத்தாங்க" என்கிறார்கள். வேலையில் புதிதாகச் சேரும் பெண்களிடம், "இந்தத் துண்டு ஒழுங்கா ஒக்காரலன்னா ஒரு ராஜாவோட உசுரே போய்டும், தெரிஞ்சுக்கோ" என்று மிரட்டுவான். கவுஸ் பாஷா அவனை அக்கிலிஸ் பாய் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

எல்லாம் சரிதான். கால்தான் ஒத்துழைக்கவில்லை. நடந்தான், மாடி ஏறினான். ஆனால் ஜெனிஃபா ஒரு பரீட்சை வைத்திருந்தாள். தைத்த காலில் மட்டும் நின்று, குதிகாலைத் தூக்கி நுனியில் எழும்ப வேண்டும். "அது வராம களத்துல எறங்காதீங்கண்ணா. மறுபடி அறுந்துச்சுன்னா கஷ்டம்." பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முயற்சி செய்வான். மிஷின் பக்கத்தில் செய்வான். முகம் சிவக்கும், தொடை நடுங்கும், குதிகால் தரையை விட்டு நூலளவு கூட எழும்பாது. தை போனது, மாசி போனது. அவன் சிரிப்பது குறைந்துபோனது. "அறுந்த கயிறு அறுந்ததுதான் போல கீதுடா" என்று ஒருநாள் சொன்னான்.

ஊர்ப் பக்கமும் நிலைமை மாறவில்லை. அடிக்கவில்லை என்று பச்சையே வீடு வீடாகச் சொன்னான். 'பாவம், சினேகிதன வுட்டுக்குடுக்காம பேசுறான்' என்றார்கள். கோயில் பெரியவர்கள் வெளியூர் பீமனுக்குச் சொல்லி அனுப்பியும் விட்டார்கள். பச்சை நேராகப் போய் அவர்கள் முன் நின்றான்.

"பீமன் வெளியூர்னா, துரியோதனனையும் அங்கேர்ந்தே இட்டாந்துடுங்க."

"உன் காலு இருக்கிற லட்சணத்துக்கு ஒனக்கு ரோஷம் வேறயா?" என்று கேட்டார்கள். கடைசியில், ஏறக் கூடாது, தாவக் கூடாது, சும்மா சுற்றி நடந்தால் போதும் என்ற பேச்சோடு எங்கள் இருவருக்கும் சம்மதித்தார்கள்.

இந்தச் சித்திரைப் படுகளத்தன்று வெயில் கொளுத்தியது. கூட்டத்தின் முன்னால் கவுஸ் பாஷா குடையோடு நின்றார், அந்தக் குடை நிழலில் ஜெனிஃபா. நான் கதாயுதத்தைத் தூக்கியதும் ஒரு மூலையிலிருந்து, "பீமா, பாத்து! கால்ல அடிச்சிடாத!" என்று ஒருத்தன் கத்தினான். கூட்டம் சிரித்தது. ஓடிவிடலாமா என்றிருந்தது.

மேளம் ஆரம்பித்தது. பச்சை மெதுவாகத்தான் சுற்றினான். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பிறகு திடீரென்று மண் மார்பின் மேல் ஏறினான்.

"டேய் பச்ச, வாணாம்டா! எறங்கு!" என்றேன். வேஷத்தில் இருக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று.

அவன் இறங்கவில்லை. போன வருஷம் விழுந்த அதே இடம். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். மைக்கைப் பார்த்துத் துரியோதனன் குரலில் முழங்கினான்:

"பீமா! போன வருசம் இதே எடத்துல என் பின்னால நின்ன. நீ அடிக்கல. என் காலு தானா அறுந்துச்சு. நம்பாதவங்க கீறாங்க. அதனால இப்பவும் பின்னாலயே நில்லு. கட்டய நல்லா ஓங்கிப் புடி. திரும்பிப் பாக்க மாட்டேன்."

வலது காலை மடக்கினான். தைத்த கால் ஒன்றில் நின்றான். ஒன்றும் நடக்கவில்லை. சலங்கை மட்டும் நடுங்கியது. பிறகு அந்தக் குதிகால் மண்ணை விட்டு எழும்பியது. கொஞ்சம், இன்னும் கொஞ்சம். வெயிலில் தழும்பு பளபளத்தது. நுனிக்காலில் கிரீடத்தோடு நிமிர்ந்து நின்றான், முன்னெல்லாம் நின்ற மாதிரியே. மேளம் நின்றுவிட்டது. நான் ஓங்கின கதாயுதத்தோடு அவன் பின்னால் நின்றேன். அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஜெனிஃபாவைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகுதான் தெரிந்தது, போன வாரமே பரீட்சையில் பாஸாகியிருக்கிறான். நிற்கலாம், தாவ மட்டும் அடுத்த வருஷம் வரை பொறுங்கள் என்று அவளும் சொல்லியிருக்கிறாள். கூட்டுக் களவாணிகள், என்னிடம் மூச்சு விடவில்லை!

அவன் பைய இறங்கித் தொடைப் பக்கம் போய் விழுந்தான். நான் அடித்தேன். கண்ணில் நீர் முட்டி நின்றதில் அடி தரையில் விழுந்தது. "தொட இங்க கீதுடா, குருட்டுப் பயலே," என்று செத்துக்கிடந்த துரியோதனன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். மறுபடி ஓங்கினேன். சிவப்புத் தண்ணீர் பீறிட்டு இரண்டு பேர் முகத்திலும் தெறித்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. அதில் பீமன் பெயரும் கேட்டது.

கூந்தல் முடிந்ததும் சனங்கள் மண் அள்ளப் பாய்ந்தார்கள். எல்லோரும் வழக்கம்போலத் தொடை மண்ணுக்கும் மார்பு மண்ணுக்கும் அடித்துக்கொண்டார்கள். கமலம் மட்டும் அந்தக் கோடிக்கு நடந்து போய், மண் துரியோதனனின் குதிகாலில் ஒரு பிடி அள்ளினாள். நேராக என்னிடம் வந்து அதில் பாதியை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"வூட்ல வைங்கண்ணா," என்றாள். "நீங்க அடிக்கல. இப்ப எனக்குத் தெரியும்."